என் பேர் வெட்டிய பைன் மரம்

வெசிசாரி துறைமுகம்,
1893 பிப்ரவரி 12

அன்புள்ள அக்கா லொவீசாவுக்கு,

தம்பி எல்யாஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். அங்கே நீயும் அம்மாவும் சுகமென்று நம்புகிறேன்.

உட்கார்ந்துகொண்டு படி. போன ஏப்ரலில் எங்கள் படகு கவிழ்ந்தது உண்மைதான். ஆறு பேரில் ஐந்து பேர் போய்விட்டார்கள். ஆறு பேருமே போனதாக உங்களுக்குச் செய்தி வந்திருக்கும். இங்கே வேலை பார்த்த நம் ஊர் குஸ்தா அந்தச் செய்தியோடு அந்த வாரமே ஊருக்குக் கிளம்பிவிட்டானாம். கவிழ்ந்த படகின் முதுகைப் பிடித்துக்கொண்டு கிடந்த என்னை ஒரு ரஷ்யக் கப்பல் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது. கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. கிழக்கே ஒரு மீனவர் குடிசையில் ஒன்பது மாதம் கிடந்தேன். அங்கே தபாலும் கிடையாது, நம் பாஷை பேச ஒரு நாதியும் கிடையாது. போன வாரம்தான் இங்கே வந்து சேர்ந்தேன். கொஞ்சம் நொண்டுகிறேன், மற்றபடி முழுசாக இருக்கிறேன்.

கடலைப் பார்த்தது போதும். ஜூன் மாதம் வேனில் திருநாளுக்கு வீட்டில் இருப்பேன். அம்மா எதைப் போட்டாலும் சாப்பிடுகிறேன் என்று சொல், டர்னிப் கிழங்குக் கஞ்சி மட்டும் வேண்டாம். இந்த ஊரில் டர்னிப் விளைவதே இல்லை. எனக்கு இங்கே பிடித்த ஒரே விஷயம் அதுதான்.

அம்மாவுக்கு என் முத்தம். உடனே பதில் போடு.

தம்பி,
எல்யாஸ்


ஹொங்கமாக்கிப் பண்ணை,
மார்ச் 9

அன்புத் தம்பி எல்யாஸுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி, பழையதுதான். உன் கால் எப்படி இருக்கிறது? உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டிலுக்குப் போய் ஒரு பாட்டம் அழுதேன். பசுக்கள் மட்டும் பார்த்தன.

அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு அச்செழுத்துதான் வாசிக்க வரும், கையெழுத்து வராது என்பது உனக்குத் தெரியுமே. நானே படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். அப்புறம் அடுப்பு இடுக்கியால் கடிதத்தைப் பிடித்து எடுத்துக்கொண்டு போய் வெளியே பனியில் வைத்துவிட்டு வந்தாள்.

"இனிமே இதெல்லாம் வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"அம்மா, இது அவன் கையெழுத்துதான். எனக்குத் தெரியாதா?"

"அவன் கைதான், யாரு இல்லன்னா? அந்தக் கையும் அவனோடதானே தண்ணிக்குள்ள போச்சு."

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கோபப்படாதே. செப்டம்பரில் உனக்குக் கார்சிக்கோ வெட்டிவிட்டோம். கோயில் பாதையில், மேட்டின் மேல், அப்பா செத்தபோது வெட்டிய மரத்துக்குப் பக்கத்துப் பைன். குஸ்தா ஏறிக் கிளையெல்லாம் கழித்தான். பட்டையைச் சீவி உன் பேரையும், பிறந்த வருஷம், இறந்த வருஷத்தையும் வெட்டினான். மரத்தடியில் நின்று எல்லாரும் ஒரு வாய் சாராயமும் குடித்தோம். ஒரு குறையுமில்லாமல் நடந்தது.

ஆகவே இப்போதைக்கு வராதே. அம்மாவை நான் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்குவப்படுத்துகிறேன்.

அங்கே சீல் தோல் பூட்ஸ் நன்றாக இருக்குமாமே. இருப்பதிலேயே சின்ன அளவில் ஒரு ஜோடி கிடைத்தால் அனுப்பு. இங்கே தெரிந்தவர்கள் கேட்டார்கள்.

உன் அக்கா,
லொவீசா


வெசிசாரி,
ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நான் சுகம். உயிரோடு இருப்பவனுக்கு எவ்வளவு சுகம் இருக்க முடியுமோ அவ்வளவு.

ஒரு குறையுமில்லாமல் நடந்ததா? சந்தோஷம்! சாராயம் நன்றாக இருந்ததா?

எனக்கு ஒன்று விளங்கவில்லை. கார்சிக்கோ எதற்கு வெட்டுகிறோம்? செத்தவனுக்கு வீட்டு ஞாபகம் வந்து கல்லறையிலிருந்து எழுந்து நடந்து வருவான். வழியில் மொட்டை மரத்தில் தன் பேரைப் பார்ப்பான். 'அட, நான் செத்துப்போனவன் அல்லவா' என்று நினைவு வந்து அப்படியே திரும்பிவிடுவான். அதற்குத்தானே? எனக்குக் கல்லறை எங்கே இருக்கிறது? எந்தப் பிணம் அந்த வழியாகப் போனது? உடம்பில்லாமல் மரம் வெட்டியதாக நம் தாலுக்காவில் யாராவது கேள்விப்பட்டதுண்டா? ஒன்பது மாதம் அந்தக் குடிசையில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, வீட்டுக்குப் போகும் பாதையை ஒவ்வொரு திருப்பமாக மனதுக்குள் நடந்து பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்தப் பாதையில்தான் நீங்கள் எனக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறீர்கள்.

அந்த மரத்தைச் சாய்த்துவிடுங்கள். கார்சிக்கோவில் கோடாரி வைத்தவன் பிழைக்கமாட்டான் என்பாய். சரி, நானே வந்து சாய்க்கிறேன். செத்தவனுக்கு என்ன பயம்?

இத்துடன் என் புகைப்படம் இருக்கிறது. இதற்காகவே கடன் வாங்கிய கோட்டுப் போட்டுக்கொண்டு, கழுத்தை ஒரு இரும்புக் கவையில் மாட்டி, அசையாமல் நின்றேன். அம்மா பார்க்கட்டும். பேயைப் படம் பிடிக்க முடியாது என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

எல்யாஸ்


ஹொங்கமாக்கி,
மே 4

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். ஏரியில் பனிக்கட்டி உடைந்துவிட்டது. இரண்டு பசு கன்று போட்டிருக்கிறது.

படம் வந்தது. அம்மா ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.

"கண்ணு சிமிட்டவே இல்லையே," என்றாள்.

"படத்துல யாரும்மா கண்ணு சிமிட்டுவா?"

"எவ்ளோ விறைப்பா நிக்கிறான் பாரு. என் பையன் ஒரு நிமிஷம் ஒரு இடத்துல நின்னிருக்கானா? மூஞ்சி வேற ஊதியிருக்கு."

"நல்லா சாப்பிட்டுக் குண்டாயிருக்கான்."

"தண்ணியில ஊறினா எல்லாரும்தான் ஊதுவாங்க."

தம்பி, சிரித்துவிட்டேன். நீயும் சிரித்துவிடு, வேறு என்ன செய்வது. நீ அனுப்பிய படத்தாலேயே உனக்கு நீயே குழி தோண்டிக்கொண்டாய்.

பாதிரியாரையும் வரவழைத்தேன். ஒரு மணி நேரம் இருந்தார். மரத்தின் மேல் நம்பிக்கை வைப்பது பாவம், அது கர்த்தருக்கு அடுக்காது என்று நன்றாகவே சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், காப்பி கொடுத்தாள், வாசல் வரை போய் வழியனுப்பினாள். கதவைச் சாத்தியதும், "அவருக்கென்ன, வந்தாரு, பேசினாரு, போனாரு. அவரு வீட்டுத் தொட்டிலா?" என்று கேட்டாள். கல்லில் நார் உரிக்கச் சொல்கிறாய் என்னை.

பூட்ஸை மறந்துவிடாதே. வேனிலுக்கு வரவேண்டாம்.

உன் அக்கா,
லொவீசா


வெசிசாரி,
மே 30

அக்காவுக்கு,

நான் சுகம். கால் இப்போது நன்றாக ஊன்றுகிறது.

எந்தத் தொட்டில்?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பாதிரியார் புரிகிறது, காப்பி புரிகிறது. நம் வீட்டில் தொட்டில் எங்கிருந்து வந்தது? நீயும் நானும் கிடந்த தொட்டில் பரணில் எலிக்கு வீடாக இருந்தது. நீ எப்போதும் இப்படித்தான். பத்து வரி எழுதுவாய், பதினோராவது வரியை முந்தானையில் முடிந்துகொள்வாய்.

பூட்ஸ் அனுப்பியிருக்கிறேன். என் உள்ளங்கையில் இரண்டும் அடங்குகிறது. கடைக்காரன், "முதல் குழந்தையா?" என்று கேட்டு என் முதுகில் தட்டினான். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த ஊர்ப் பாதிரியாரிடம் நான் உயிரோடிருப்பதாக எழுதி வாங்கி, முத்திரையும் வைத்து அனுப்புகிறேன். அச்செழுத்துப் போலவே எழுதச் சொன்னேன், அம்மாவே வாசிக்கலாம். உலகத்தில் எவனாவது தான் சாகவில்லை என்பதற்குச் சான்றிதழ் வாங்கித் தன் தாய்க்கு அனுப்பியிருப்பானா? எழுதிக் கொடுக்கும்போது பாதிரியாரே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

வேனிலுக்கு வரவில்லை. உன் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தால் நான் நிஜமாகவே செத்த பிறகுதான் வரமுடியும் போலிருக்கிறது. ஆகஸ்டில் அங்கே இருப்பேன்.

எல்யாஸ்


ஹொங்கமாக்கி,
ஜூலை 16

அன்புத் தம்பிக்கு,

சுகம். புல் அறுப்பு நடக்கிறது, எழுத நேரமில்லை.

பூட்ஸ் கச்சிதமாகப் பொருந்தியது.

அம்மா சான்றிதழைக் கூட்டி வாசித்தாள். "தேதி போட்டிருக்கு பாரு. அன்னிக்கு இருந்தான்னுதான் இருக்கு. இன்னிக்கு?" என்றாள்.

ஆகஸ்டில் வராதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

லொவீசா


கோயில் ஊர், கொல்லன் ஆபெல் வீடு,
ஆகஸ்ட் 27

அக்காவுக்கு,

நான் இங்கே இருக்கிறேன். உன்னிடமிருந்து இரண்டு மணி நேர நடை. ஆபெலின் மகள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஐந்து வாரம் நடந்தும் வண்டியிலும் படகிலுமாக வந்தேன். நேற்றுப் பின்மதியம் மேட்டுக்கு வந்தேன். மரத்தைப் பார்த்தேன். குஸ்தா நன்றாகத்தான் வெட்டியிருக்கிறான், பாராட்டு அவனுக்கு. உச்சியில் ஒரு கொத்து மட்டும் விட்டுவிட்டு மொட்டை அடித்திருக்கிறான். சீவிய இடத்தில் பிசின் வடிந்து காய்ந்திருந்தது. என் பேரை நானே விரலால் தடவிப் பார்த்தேன். இந்த மாதிரி ஓர் எரிச்சல் என் ஆயுளில் எனக்கு வந்ததில்லை. எட்டி உதைத்தேன், முறிந்த காலால். வலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கிருந்து நம் வீட்டுப் புகைபோக்கி தெரிந்தது. அம்மா கிணற்றிலிருந்து இரண்டு வாளியோடு வந்துகொண்டிருந்தாள். எழுந்து நின்று தொப்பியை எடுத்து ஆட்டினேன். அவள் நின்றாள். வாளி இரண்டையும் கீழே வைத்தாள், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல். பின்பக்கமாகவே நடந்து வீட்டுக்குள் போனாள். அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. வாசல் நிலைக்கு மேலே கோடாரியைக் குத்தினாள். செத்தவன் உள்ளே வராமல் இருக்க இரும்பு வைக்கிறாள், எனக்கு! நான் என்ன செய்தேன் அவளுக்கு?

திரும்பி வந்துவிட்டேன். மொட்டை மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற செத்தவனைப் போலவே. நடுவழியில்தான் அது உறைத்தது, வெட்கமாகப் போய்விட்டது.

நாளைக்கு ஏரி வழியாகப் படகில் வருகிறேன். மரமும் வேண்டாம், மேடும் வேண்டாம். கரையில் வந்து நில்.

எல்யாஸ்


ஹொங்கமாக்கி,
ஆகஸ்ட் 27, சாயங்காலம்

என் எல்யாஸுக்கு,

நீ வந்திருக்கிறாய். இவ்வளவு பக்கத்தில் இருக்கிறாய். சுகமா என்று கேட்கக்கூட எனக்கு அருகதை இல்லை. ஆபெலின் மகள் வாசலில் நிற்கிறாள், வேகமாக எழுதுகிறேன்.

ஏரி வழியாக வராதே. இன்று காலையில்தான் அம்மா சொன்னாள்: "இனிமே ஏரிப்பக்கமா வருவான் பாரு. உசுரோட இருக்கிறவன் எதுக்கு மரத்தைச் சுத்திக்கிட்டு வரணும்?" நீ படகில் வந்து இறங்கினால் அதோடு முடிந்தது, நீ செத்தவன்தான் என்பதற்கு அவளுக்கு வேறு சாட்சியே வேண்டாம்.

மரத்தைத் தாண்டியும் வராதே. ஏன் என்று இப்போது சொல்கிறேன். முந்தானையில் முடிந்திருந்த பதினோராவது வரி இதுதான்.

எனக்கு ஒரு மகன் இருக்கிறான். போன வருஷம் ஆகஸ்டில் பிறந்தான். அவன் அப்பன் குளிர்காலத்தில் மரம் வெட்ட வந்தவன். பனி உருகியதும் மரங்களோடு ஆற்றில் போய்விட்டான். இதற்கு மேல் கேட்காதே. நீ போய்விட்டாய் என்ற செய்தி வந்து இரண்டு மாதத்தில் பிறந்தான். அதனால் உன் பேரை வைத்தேன். அவனும் எல்யாஸ்தான். தகப்பன் பேர் இல்லாததால் நம் வீட்டுப் பேரே அவனுக்கும். உன் பேரும் அவன் பேரும் ஒன்று, கடைசி எழுத்து வரை.

பிறந்த மூன்றாவது வாரம் ஜுரம் கண்டது. பால் இறங்கவில்லை. தினமும் அம்மா கனவில் நீ வந்தாய். உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்டத் தொட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "இது என் பேரு, குடு" என்று கேட்டாயாம். பத்து நாளில் பிள்ளை கயிறாகிவிட்டான். அப்போதுதான் மரம் வெட்டினோம். நான்தான் வெட்டச் சொன்னேன், எல்யாஸ். அம்மா இல்லை, நான். குஸ்தாவைக் கூப்பிட்டு வந்ததும் நான்தான். வெட்டிய மறுநாள் காலையில் பிள்ளை பால் குடித்தான்.

அம்மா சொல்வது இதுதான்: மரத்துக்கு ஓர் எல்யாஸைக் கொடுத்தாகிவிட்டது. பெரியவன் அதைத் தாண்டி உயிரோடு வந்தால், மரம் சின்னவனை எடுத்துக்கொள்ளும். பாதிரியாரைப் போல நானும் இதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், தெரிகிறது. ஆனால் அந்தப் பத்து நாளும் பிள்ளை என் மடியில் கிடந்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

உன்னை வராதே என்று இத்தனை மாதமாக எழுதிய கை என்னுடையது. அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை.

லொவீசா


கோயில் ஊர்,
அக்டோபர் 8

அக்காவுக்கு,

நீ சுகமா? பிள்ளை சுகமா? அம்மா முழங்கால் எப்படி?

ஆறு வாரம் எழுதவில்லை. ஆபெலின் பட்டறையில் துருத்தி ஊதிக்கொண்டிருந்தேன். கோபத்தில் ஊதுவதால் இரும்பு சீக்கிரம் பழுக்கிறது, நீ இங்கேயே இரு என்கிறார் ஆபெல்.

எனக்கு ஒரு மருமகன் இருக்கிறான். அவனுக்குப் பூட்ஸ் வாங்கி அனுப்பியும் நான் தாய்மாமன் என்று எனக்குத் தெரியாது! மரம் வெட்டியதைக்கூட விழுங்கிவிட்டேன். இதை நீ சொல்லாமல் விட்டாய் பார், அதுதான் தொண்டையில் நிற்கிறது. அப்பன் இல்லாத பிள்ளை என்று நான் உன்னை ஏசுவேன் என்று நினைத்தாயா? நானா?

திட்டித் தீர்த்தாயிற்று. இனி கேள்.

தாண்டினால் பிள்ளைக்கு ஆபத்து. சுற்றி வந்தால் நான் பிணம். சரி, இந்த ஆறு வாரமாக யோசித்துவிட்டேன். அம்மா என்னை உயிரோடு ஏற்கமாட்டாள் என்றால், பிணமாகவே வருகிறேன். நவம்பர் முதல் நாள் கெக்ரி. அறுவடை முடிந்த அன்று செத்தவர்களை நாமேதானே வீட்டுக்குக் கூப்பிடுகிறோம்? அவர்கள் நீராவியில் குளிக்கச் சவுனா சுட வைக்கிறோம், மேசையில் விருந்து வைக்கிறோம். அன்று எந்த மரமும் யாரையும் தடுக்காது. அப்பா வருஷா வருஷம் அந்த மேட்டைத் தாண்டித்தானே வருகிறார்? நானும் வருகிறேன். குளிக்கிறேன், சாப்பிடுகிறேன், வந்த வழியே போகிறேன். வாயைத் திறக்கமாட்டேன். அம்மாவிடம் கேள்.

ஒரு தடவை அம்மா முகத்தைப் பார்த்தால் போதும் எனக்கு.

எல்யாஸ்


ஹொங்கமாக்கி,
அக்டோபர் 15

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். பிள்ளை நடக்கிறான், உன் பூட்ஸோடு தூங்குகிறான்.

அம்மாவிடம் கேட்டேன். பீர் ஊறல் பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கெக்ரிக்குக் கதவு தொறந்துதான் இருக்கும். நான் யாரையும் பேரு சொல்லிக் கூப்பிடல. வர்றவங்க வரட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து, "கோடாரிய எறக்கி வை," என்றாள்.

லொவீசா


கோயில் ஊர்,
நவம்பர் 2

அக்காவுக்கு,

நேற்று எல்லாம் முறைப்படி செய்தேன் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை இங்கிருந்து கிளம்புகிறேன். திரும்பவும் வடக்கேதான்.

சவுனாவில் எனக்கென்று புது வெள்ளைச் சட்டை மடித்து வைத்திருந்தீர்கள். அப்பாவின் சட்டையும் பக்கத்தில் இருந்தது. இரண்டு வருஷத்து உப்பு உடம்பிலிருந்து இறங்கியது. பக்கத்துப் பலகையில் அப்பா உட்கார்ந்திருப்பதாக நினைத்து ஒரு தடவை அவருக்கும் தண்ணீர் ஊற்றினேன். பைத்தியக்காரத்தனம்தான்.

அப்புறம் உள்ளே வந்தேன். நீங்கள் மூன்று பேரும் சுவரோர பெஞ்சில். எதிரே நான் மட்டும் மேசையில். எத்தனை நினைத்து வந்தேன் தெரியுமா? ஒரு வார்த்தை பேசக்கூடாது. தலையைக் குனிந்துகொண்டு, வைத்த எல்லாவற்றையும் தின்றேன், பன்றி இறைச்சி, ரொட்டி, பீர், டர்னிப் கஞ்சி எல்லாமே. ஒரு பருக்கை மிச்சமில்லை. சின்னவன் இறங்கி வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். நீ பதறி எழுந்தாய். அம்மா உன் பாவாடையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவன் என் தாடியை இழுத்தான். நான் கையைக்கூடத் தூக்கவில்லை. பிணத்துக்கு அதுதானே அழகு.

அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "சாப்பிட்டவங்க வந்த வழியே நல்லபடியாப் போகட்டும்," என்றாள். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாளா? நான் பார்க்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

போதும், அக்கா. செவிடன் காதில் ஊதிய சங்கு. அவளுக்கு நான் செத்தவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். பிள்ளை நன்றாக இருந்தால் சரி. அவனுக்கு அடுத்த வருஷம் பெரிய அளவில் பூட்ஸ் அனுப்புகிறேன்.

எல்யாஸ்


ஹொங்கமாக்கி,
நவம்பர் 3

எல்யாஸுக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. எங்கேயும் கிளம்பாதே.

நேற்றுக் காலை அம்மா மேசையைத் துடைத்தாள். நான் மாட்டுக்கொட்டிலில் இருந்தேன். "லொவீசா!" என்று ஒரு கூப்பாடு. பிள்ளைக்குத்தான் ஏதோ என்று பாலைக் கொட்டிவிட்டு ஓடி வந்தேன். அம்மா நீ உட்கார்ந்த இடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மேசைக்கு அடியில், பலகைச் சந்தில் விரலைவிட்டுத் தோண்டிக்கொண்டிருந்தாள். அவள் மடியில் ஐந்து துண்டு டர்னிப் கிழங்கு.

ஒரு பருக்கை மிச்சமில்லையா? பொய்யன். ஆறு வயசில் எங்கே ஒளித்தாயோ அதே சந்தில் ஒளித்திருக்கிறாய்.

அம்மா ஒவ்வொரு துண்டையும் மூக்கருகே வைத்துப் பார்த்தாள். முதலில் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

"செத்தவங்களுக்குத் தெரியாதது கிடையாது. படம் அனுப்புவாங்க, பழைய கதையெல்லாம் சொல்லுவாங்க. ஆனா செத்தவன் எவனாவது அம்மா திட்டுவான்னு பயந்துக்கிட்டு கெழங்க ஒளிச்சு வைப்பானாடி? இவன் உசுரோட இருக்கான். நான் பெத்த கழுதை உசுரோட இருக்கான்."

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவின் கத்தியையும் இறக்கி வைத்த கோடாரியையும் எடுத்துக்கொண்டு மேட்டுக்குக் கிளம்பினாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். "தொடாதம்மா, தொட்டவங்க பொழைக்க மாட்டாங்க!" என்று கத்தினேன். காதில் வாங்கவில்லை. உன் பேரைச் சீவி எறிந்தாள். உன் இரண்டு வருஷத்தையும் சீவினாள். எழுதத் தெரியாதவள், வேதப் புத்தகத்து அச்செழுத்தை நினைவில் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக வெட்டினாள். மத்தியானமாகிவிட்டது. நான் கிட்டே போய்ப் பார்த்தேன். 'ஹெத்தா' என்று தன் பேரையே வெட்டியிருந்தாள். கீழே 1822. அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

அம்மா கத்தியைப் பாவாடையில் துடைத்தாள்.

"மரத்துக்கு ஒரு ஆளக் காட்டியாச்சு, சும்மா விடாது. அதான், நான் வர்றேன்னு சொல்லியிருக்கேன். எப்போன்னு சொல்லல."

அவளுக்குப் பயமே இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்துவிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தில் எழுதச் சொல்லி அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"சுத்தி வராத. ஏரிப்பக்கம் வராத. கோயில் பாதையில, மரத்துக்கு முன்னாடி, தலைய நிமித்திக்கிட்டு வா. அந்தத் தாடிய வழிச்சுட்டு வா, அதப் பாத்துதான் பயந்தேன். அடுப்புல டர்னிப் கஞ்சி இருக்கு. நான் எதிர்ல உக்காந்துக்குவேன். ஒரு துண்டு விடாம திங்கணும்."

உன் அக்கா,
லொவீசா